சத்தம் வைக்காத படம்

காது மந்தமானதிலிருந்து மாமனார் டிவி பக்கமே வருவதில்லை. எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் முழிப்பானேன் என்று ஜன்னலோரமே கதி. இன்று மருமகள், திரைப்படக் கல்லூரிப் பாடத்துக்காகப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டிருக்கிறாள். வசனத்தில் மனம் போனால் காட்சிகளைக் கோத்திருக்கும் விதம் பிடிபடாது என்று ஒலியை அணைத்துவிட்டு, அவரைப் பார்த்துக் காதைப் பொத்திக் காட்டுகிறாள். "அட, இன்னிக்கு நீயும் நம்ம கட்சியா!" நாற்காலி தரையைத் தேய்த்துக்கொண்டு அவள் பக்கம் வந்து சேர்கிறது. திரையில் நாயகி கதவைச் சாத்துகிறாள். சாத்திய கதவே வெகுநேரம் நிற்கிறது. "திரும்பிக்கூடப் பார்க்கலியே, கல்நெஞ்சக்காரி!" என்கிறார் மாமனார். மருமகள் தலையாட்டுகிறாள், இருவர் கண்ணிலும் திரை வெளிச்சம் ஈரமாக மின்னுகிறது. உள்ளே வந்த மகன், "என்ன, சத்தமே வரலியே?" என்று ரிமோட்டை எடுக்கிறான். "உஷ்!" என்கிறார்கள் இருவரும்.