மைக் பிடித்த கை

மைக்செட் கடை பாய் எத்திராசுக்குத் தரவேண்டியது பதினோரு ரூபாய் ஐம்பது காசு. தலைவரின் பிறந்தநாள் மேடையில் அந்த நடிகை பாடினாளே, அன்றைய கூலி. மைக் ஸ்டாண்டின் திருகு கழன்றுபோனதால், பாட்டு முடியும்வரை பூத்தொட்டிக்குப் பின்னால் குந்தி அதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். ஊரே அவள் குரலில் சொக்கிக் கிடந்தது. அவன் கண்டது அவள் கால்கள் நடுங்கியதை மட்டும்.

“அன்னிக்கு நீ வேலைக்கே வரலையேடா” என்று பாய் கைவிரித்துவிட்டார்.

“ஆமா, அந்தம்மாவுக்கு நீதான் தாளம் போட்ட” என்று பொண்டாட்டியும் சாகும்வரை கிண்டலடித்தாள்.

பொண்டாட்டி போய்ச்சேர்ந்த மறுவருஷம் தலைவர் இறந்தார். பத்திரிகையில், நடிகை பாடிய அந்த மேடையின் பழைய படம் வந்தது. பூக்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை கம்பியைப் பற்றியிருந்தது, சுண்டுவிரல் பாதி இல்லாமல். வீட்டில் காட்ட ஆளில்லை. எத்திராசு பாயிடம் கொண்டுபோனான்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன் கைதான்டா” என்று கல்லாவைத் திறந்தார்.

“வேணாம் பாய். பாத்துட்டீங்கல்ல, தீந்துபோச்சு.”

திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் அதே பத்திரிகையை விரித்து, நடிகையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.