அடங்கும் மூச்சு

ஆம்பூர் ஆஸ்பத்திரி வார்டில் நான்கு மணி வெயில் கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறது. ஜன்னல் வழியே தோல் பதனிடும் ஷாப்பின் வாடை வருகிறது. கண்ணாடிப் பாட்டிலிலிருந்து சலைன் சொட்டுகிறது, இன்சுலினும் போட்டாகிவிட்டது. பத்து வயது கஸ்தூரி காலையிலிருந்து, ஓடி வந்து நின்றவளைப் போல ஆழமாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோயால் ரத்தத்தில் ஏறிய அமிலத்தை உடம்பு மூச்சின் வழியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இப்போது அந்த மூச்சு மெல்ல இறங்குகிறது. “அடங்கிடுச்சு சிஸ்டர். தூங்கட்டும், எழுப்பாதீங்க,” என்கிறாள் அவள் அம்மா சௌந்தரம், பீடி சுற்றிக் காய்த்த விரல்களால் மகளின் நெற்றியைத் தடவியபடி.

நர்ஸ் ஞானசுந்தரி அசையாமல் நிற்கிறாள். போன வருஷம் இதே வார்டில், இதே நோயோடு வந்த ஒரு புதுப்பெண்ணுக்கும் மூச்சு இப்படித்தான் இறங்கியது. சரியாகிவிட்டதென்று ஞானசுந்தரியே அந்தப் பெண்ணின் புருஷனிடம் சொன்னாள். ஆனால் அமிலம் குறைந்திருக்கவில்லை, மூச்சுவிட்டே அந்த உடம்பு களைத்துப்போயிருந்தது. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஞானசுந்தரி குனிந்து கஸ்தூரியின் கன்னத்தைத் தட்டுகிறாள். இமை அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டுகிறாள். “இன்னாத்துக்கு சிஸ்டர் கொழந்தைய அடிக்கறீங்க?” சௌந்தரம் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்த கையோடு, “கஸ்தூரி, என்னைப் பாரு,” என்று ஞானசுந்தரி கூப்பிடுகிறாள். கண்கள் திறக்கின்றன. “தண்ணி,” என்கிறாள் கஸ்தூரி. பிறகு அம்மா பக்கம் திரும்பி, “எம்மா, சிஸ்டர் ஏன் அழுவுறாங்க?” என்று கேட்கிறாள். சௌந்தரம் அப்போதுதான் சிஸ்டரின் கையை விடுகிறாள்.