உப்பளத் தெருப் பிள்ளை

இசக்கிராஜாவின் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? சிறையில் ஒரு நாள் பரோல் கேட்டான். பரோல் எந்திரம் அவன் நடத்தையைப் பார்க்கவில்லை, முகவரியைப் பார்த்தது. ‘உப்பளத் தெரு. வெளியே விட்டால் திரும்பி வரமாட்டார்.’

“நானே கூடப் போய்க் கூட்டிட்டு வாரேன்” என்று வார்டர் மரியலூயிஸ் தன் பெயரையும் பதிந்தார். அவர் வீடும் அதே தெருவில்தான். ‘இவரும் திரும்பி வரமாட்டார்’ என்றது எந்திரம். பத்தொன்பது வருஷமாக ஒரு நாள் லீவு போடாத மனுஷர்! சிறையே வயிறு வலிக்கச் சிரித்தது.

கடைசியில் காதுகுத்தே சிறைக்கு வந்துவிட்டது. பார்வையாளர் அறையில், மாமன் மடியில் குழந்தை மகிழினி வீரிட்டு அழ, ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார். கைதிகளுக்கெல்லாம் லட்டு.

கிளம்பும்போது வாசல் எந்திரம் தங்கச்சிக்கு வழிவிட்டது. அவள் இப்போது வேறு ஊர்க்காரி. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆனதால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உப்பளத் தெரு. ‘குழந்தையை வெளியே விட வேண்டாம். திரும்பி வரமாட்டார்.’

தங்கச்சி பதறிப்போனாள். மரியலூயிஸ் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தானே கதவைத் திறந்துவிட்டார். பிறகுதான் யோசனை வந்தது.

“ஏலே இசக்கி, நாளைக்கு மேலிடத்துல கேட்டா என்னன்னு எழுத?”

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மருமகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான் இசக்கிராஜா.

“எந்திரம் சொன்னது சரிதான்னு எழுதுங்கய்யா. அவ இங்க திரும்பி வரவே கூடாது.”