விசா வேண்டாத நாடுகள்

உவர்மலையிலிருந்து காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோருக்கு ஓட்டோவில் வந்த வழியெல்லாம் இந்திராணி அண்ணன் குணநேசனின் பிரிட்டிஷ் பாஸ்போட் புராணத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் லண்டனிலிருந்து வந்த நாள் தொட்டு வீட்டில் இதே கதைதான்.

“விசாவே இல்லாமல் நூறு நாட்டுக்கு மேல போவன். உன்னட்டப் பேருக்குக்கூட ஒரு பாஸ்போட் இல்லை. நீயும் ஒரு மனிசியெண்டு இருக்கிறாய்” என்றார் குணநேசன்.

துறைமுகம் பார்த்த காணி ஒன்றை அவர் இன்று வாங்கப்போகிறார். கந்தோர் வாசலில், “உனக்கென்ன விளங்கப்போகுது, வெளியில இரு” என்று தன் பையோடு அவளையும் வாங்குப் பலகையில் இருத்திவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் நொத்தாரிசின் குரல் வெளியே கேட்டது.

“இரட்டைக் குடியுரிமை எடுக்கேல்லையோ? அப்ப நீங்கள் வெளிநாட்டுக்காரர். உங்கட பேரில காணி எழுத ஏலாது.”

“நான் பிறந்து வளர்ந்ததே இஞ்சதானே.”

“ஓம், பிறந்தனீங்கள்தான். இப்ப இலங்கைப் பிரசை இல்லையே. இஞ்சத்தைப் பிரசை ஆரும் இருந்தாக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

கதவு திறந்தது. அண்ணனின் குரல் இவ்வளவு குழைந்து அவள் கேட்டதேயில்லை.

“தங்கச்சி, அடையாள அட்டை கொண்டு வந்தனியே? உன்ர பேரில எழுதுவம். பேர்தான் உன்ர, காணி என்ர.”

அவள் அட்டையை எடுத்து நீட்டினாள். உறுதிப்பத்திரம் அவள் பேரில் எழுதி முடிந்தது.

வெளியே வந்ததும் குணநேசன் ஓட்டோவுக்குக் கைகாட்டினார்.

“வா, காணியை ஒருக்காப் பாத்திட்டு வருவம்.”

“பாக்கலாம் அண்ணை” என்றாள் இந்திராணி. “முதல் என்னட்ட விசா எடுங்கோ.”