மனித அலமாரி

எங்கள் நூலக அலமாரிகளில் ஆயிரம் புத்தகங்களுக்குத்தான் இடம். இருப்பதோ ஆயிரத்து ஐந்நூறு. அதனால், "சீக்கிரம் திருப்பிக் குடுத்துராதீங்க" என்று நூலகர் பூங்கோதை எல்லோரையும் கெஞ்சுவார். இருப்பைச் சரிபார்க்க அதிகாரி வந்த அன்று, வீட்டுக்கு ஒருவராக ஐந்நூறு பேர் ஆளுக்கொரு புத்தகத்தோடு, எண் வரிசைப்படி தெருவில் நின்றோம். அட்டையிலிருந்த எண்களை வாசித்தபடியே அதிகாரி நடந்தார். தையற்காரர் சவரிமுத்துவிடம் வந்ததும் நின்றார். சவரிமுத்து புத்தகத்தை விரித்து மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். எண் தெரியவில்லை.

"மூடிக் காட்டுங்க."

"மூணே பக்கம் சார், முடிச்சிர்றேன்."

அதிகாரி புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்தார். வரிசை மொத்தமும் காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதிகாரியின் குரல் மெதுவாகக் கேட்டது:

"ம்... பக்கத்தைத் திருப்புங்க."