கழுத்துக் கவசம்

"டாக்டரம்மா, விளையாடாதீங்க. கழட்டி விடுங்க."

"விளையாடல எகான். பூட்டு நாக்கு உள்ள விழுந்துடுச்சு. அசைய மாட்டேங்குது."

எகான் கழுத்திலிருந்த இரும்புப் பட்டையை இழுத்துப் பார்த்தான். ஊருக்கெல்லாம் கதவும் கேட்டும் செய்து கொடுக்கிற கொல்லன், தன் பட்டறை நடுவில், தான் அடித்த இரும்பிலேயே மாட்டிக்கொண்டு நின்றான். அவன் செய்த பழங்காலக் கவச நகலுக்கு நாளைக்கு அருங்காட்சியகத்தில் திறப்பு விழா. அதற்கு முன் ஒரு தரம் ஆள்மேல் போட்டுப் பார்த்துவிடலாம் என்று சொன்னவனும் அவன்தான். வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்ட கதை.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், இந்த வடக்கு ஜெர்மனிக் காட்டில் ஒரு ரோமானியப் படை தோற்று அழிந்தது. அதில் ஒரு சிப்பாயின் தகட்டுக் கவசம் போன தடவை உழவின்போது வெளியே வந்தது. கவசம் என்று பேர். கிடைத்தது என்னவோ துருப்பிடித்த ஏழெட்டுத் தகடு, நாலு கொக்கி, கழுத்து இருந்த இடத்தில் ஒரு மண்கட்டி, அவ்வளவுதான். மண்கட்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே கழுத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை, அதன் முன்பக்கம் இரண்டு வளையங்கள். வேறு எந்த ஊரிலும் கிடைக்காத கழுத்துக் கவசம். அருங்காட்சியகத்துத் தொல்லியல் டாக்டர் ஆன்கே அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். மண்ணில் கிடைத்ததை அப்படியே செய்ய வேண்டும். கிடைக்காததைச் சொந்தப் புத்தியில் சேர்க்கக் கூடாது. பட்டையைப் பூட்டுகிற நாக்கு எக்ஸ்ரேயில் தெரிந்தது, எகானும் வைத்தான்; கழற்றுகிற வழி தெரியவில்லை, அதை வைக்கவில்லை. பட்டறையிலிருந்த மரப் பொம்மைக்குத் தலை கிடையாது. பட்டையை மேலே தூக்கினால் வந்துவிடும். எகானுக்குத் தலை இருந்தது.

மார்புத் தகடுகளை ஆன்கே முடிச்சவிழ்த்துக் கழற்றிவிட்டாள். பட்டை மட்டும் கழுத்தில் நின்றது. இழுத்து இழுத்துக் கழுத்து வீங்கிவிட்டது. முதலில் ஒரு விரல் நுழைந்த இடைவெளியில் இப்போது நகம்கூட நுழையவில்லை.

"தீயணைப்புக் குழுவுக்குப் போன் பண்றேன்."

"நம்ம ஊர்க் குழுவுல இரும்பு அறுக்கறது யாரு தெரியுமா? நான்தான்."

டவுனுக்கு அடித்தாள். நாற்பது நிமிஷமாகும் என்றார்கள். எகான் எச்சில் விழுங்கப் பார்த்தான். பாதியில் நின்றது. 

"நாற்பது நிமிஷம் தாங்க மாட்டேன். நீங்களே அறுங்க."

"நானா? பிரஷ்ஷைத் தவிர எதையும் பிடிச்சதில்ல எகான்."

"மெஷின் வேணாம். பொறி கண்ணுல அடிக்கும், கை நழுவினா கழுத்து போயிடும். அந்தக் கை ரம்பத்தை எடுங்க. நாலு மணிக்கு இம்கே கேக் எடுத்துக்கிட்டு வருவா. அவ என்னை இப்படிப் பார்க்கக் கூடாது."

இம்கே அவன் மனைவி. மணி மூன்றேகால்.

ஆன்கே இழுக்க இழுக்க, ரம்பப் பல் தோலுக்கு மயிரிழை தள்ளிக் கரகரவென்று ஓடியது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். பேசாமல் இருந்தால் பயம் இன்னும் கூடியது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். அந்தச் சிப்பாய் தினம் சாயங்காலம் இதை எப்படிக் கழட்டியிருப்பான்?"

"கூட இருக்கறவன் கழட்டி விட்டிருப்பான்."

"எதை வச்சு? அன்னிக்கே கேட்டேன், வார் கட்ட இவ்வளவு பெரிய வளையமான்னு. பெரிய வாரா இருக்கும்னீங்க."

"பேசாதீங்க. கழுத்து ஆடுது."

ரம்பம் வழுக்கியது. காதுக்குக் கீழே சுரீர் என்றது. ஒரு சொட்டு ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. ஆன்கே ரம்பத்தை வெளியே எடுத்தாள்.

"பட்டை சுத்துது எகான். நீங்க கெட்டியாப் பிடிச்சாத்தான் என்னால அறுக்க முடியும்."

பிடிக்க எங்கே இடம்? பட்டை தோலோடு ஒட்டிக் கிடந்தது. அவன் வளையங்களில் கோத்திருந்த தோல் வாரை அறுத்தெறிந்துவிட்டு, வலது கையை ஒரு வளையத்துக்குள்ளும் இடது கையை மறு வளையத்துக்குள்ளும் நுழைத்துக்கொண்டான். அளவெடுத்துச் செய்ததுபோல் மணிக்கட்டோடு கச்சிதமாக நின்றது. மோவாய்க்குக் கீழே இரண்டு முஷ்டியும் சேர்ந்திருக்க, பட்டை இப்போது அசையவில்லை.

"ம், அறுங்க."

ரம்பச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தான். ஆன்கே ரம்பத்தைத் தொங்கவிட்டபடி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"என்னாச்சு? நரம்புல பட்டுடுச்சா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"எகான், அந்தச் சிப்பாய் இதைக் கழட்டவே இல்ல," என்றாள். "அவனை உயிரோட பிடிச்சவங்க, கவசத்துக்கு மேல அவனுக்கு மாட்டின விலங்கு இது."