அன்புடன் வேண்டாம்

“பத்து செகண்டுல முடியிற ரேஸுக்கு மூணு மணி நேரமா வெயில்ல நிக்கிறோம்” என்றார் கணவர், காதில் பஞ்சை அடைத்தபடி.

“ரேஸ் பாக்க யாரு வந்தா? அந்த நடிகரோட கையெழுத்து வேணும், அவ்வளவுதான்.”

“அவர் வீட்டு வாசல்லயும் போய் நின்னே, ஷூட்டிங்குக்கும் போனே. ரெண்டு இடத்துலயும் விரட்டினாங்க. விட்டுத் தொலையேன்!”

“முடியாது. இன்னைக்கு வாங்காம வீட்டுக்கு வர மாட்டேன்.”

இரண்டு கார்கள் சீறிப் பாய்ந்தன. தரை அதிர்ந்தது. புகை கலைவதற்குள் நடிகர் ஓட்டிய கார் ஜெயித்திருந்தது.

கூட்டம் தடுப்புக் கம்பியை நோக்கி ஓடியது. அவளும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முண்டியடித்தாள். ஒரு செருப்பு கழன்று போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தள்ளும்மா! இந்த வயசுல இது தேவையா?” என்று காவலாளி மறித்தார்.

“ஒரே ஒரு கையெழுத்து. போட்டா போயிட்டே இருப்பேன்.”

ஹெல்மெட்டைக் கழற்றிய நடிகர் சிரித்தார். “விடுப்பா, பாவம்.” பேனாவைத் திறந்தார். “அன்புடன்னு எழுதிப் போடட்டுமாம்மா?”

அவள் பையிலிருந்து ஒரு ரேங்க் கார்டை எடுத்து விரித்தாள்.

“நான் உங்க பொண்ணோட கிளாஸ் டீச்சர். மூணு பரீட்சைக்கும் உங்க மேனேஜர்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கார்.”

நடிகரின் சிரிப்பு நின்றது.

“அன்புடன் எல்லாம் வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்லுங்க சார். இங்க ‘தந்தை’ன்னு இருக்கில்ல? அதுக்கு நேரா போடுங்க.”